வாய்க்காலில் இறங்கிப் படிக்கும் கணக்கு

கரும்பலகையில் வரையும் வாய்க்கால் எப்போதும் சுத்தமாக இருக்கும். அடிமட்டம் நேர்கோடு, இரண்டு கரைக்கும் ஒரே சரிவு. நீர்வளப் பொறியியல் மாணவர் மேனிங் சூத்திரத்தைப் போட்டு, வினாடிக்கு எத்தனை கனமீட்டர் என்று சொல்லிவிடுவார். அயர்லாந்துப் பொறியாளர் ராபர்ட் மேனிங் 1889-இல் முன்வைத்த சூத்திரம் அது. இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. அதில் ‘என்’ என்றொரு எண் வரும். வாய்க்காலின் சொரசொரப்பைக் குறிக்கும் அந்த எண்ணை நேரடியாக அளக்கக் கருவி கிடையாது. பார்த்துப் பழகிய கண்தான் மதிப்பிட வேண்டும்.

வென் டே சௌ 1959-இல் வெளியிட்ட பாடநூலின் அட்டவணைப்படி, வெட்டிச் சில காலம் ஆன சுத்தமான மண் வாய்க்காலுக்கு அது 0.022. நீர்மட்டம் வரை களை மண்டிக் கிடந்தால் 0.08. அகலம், ஆழம், சரிவு எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும் இரண்டாவது வாய்க்காலில் முதலாவதில் ஓடும் தண்ணீரில் கால் பங்குக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஓடும். ஆகாயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் அடைத்துக் கிடக்கும் பாசன வாய்க்காலைப் பார்க்காமலே பட்டம் வாங்குகிற மாணவருக்கு இது வெறும் தசம வித்தியாசம்.

அதனால் களப்பயிற்சியை நீரோட்டம் அளப்பதிலிருந்து தொடங்க வேண்டும் என்பேன். மிதவை முறைக்குச் செலவே இல்லை. நேராக ஓடும் இடத்தில் 20 மீட்டர் இடைவெளி விட்டு இரண்டு கயிறுகளைக் குறுக்கே கட்டி, மேல் கயிற்றுக்குச் சற்று முன்னதாக ஓர் எலுமிச்சம்பழத்தைப் போட வேண்டும். தெர்மோகோல் துண்டைக் காற்று தள்ளிவிடும். பழம் பெரும்பகுதி மூழ்கி வருவதால் காற்றுக்கு அவ்வளவாகப் பிடிகொடுக்காது. 40 வினாடியில் வந்து சேர்ந்தால் மேற்பரப்பு வேகம் வினாடிக்கு அரை மீட்டர். அடியிலும் ஓரத்திலும் உராய்வதால் மொத்தத் தண்ணீரும் அந்த வேகத்தில் ஓடாது, 0.85-ஆல் பெருக்குவது வழக்கம். அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 60 சென்டிமீட்டர் என்றால் வினாடிக்கு ஏறத்தாழ ஒரு கனமீட்டர் ஓடுகிறது. வாய்க்காலையும் மதகையும் கவனித்துக்கொள்ளும் பணியாளரான லஸ்கர் கரையில் நின்று, “எவ்வளவு போகுது தம்பி?” என்று கேட்டால் 35 கனஅடி என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அவருக்குப் பழகிய அளவு அதுதான்.

அடுத்தது நீரோட்டமானி. வாய்க்காலின் அகலத்தைப் பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலும் ஆழத்தைப் பார்த்து, மேற்பரப்பிலிருந்து பத்தில் ஆறு பங்கு ஆழத்தில் கருவியை நிறுத்த வேண்டும். புத்தகத்தில் இரண்டு வரியில் முடிகிற வேலை. தண்ணீரில் இறங்கினால்தான் கேள்விகள் கிளம்பும். கம்பு சேற்றில் நாலு விரற்கடை புதைகிறது. அப்படியானால் எது அடிமட்டம்? மேல்புறம் நின்றால் நம் காலைச் சுற்றி வரும் சுழிப்பையே கருவி அளக்கும். கீழ்ப்புறமாக ஒதுங்கி நின்று கையை நீட்டிப் பிடிக்க வேண்டும். இறங்கும் முன் ஒரு கணக்கு உண்டு: அடிக்கணக்கில் ஆழத்தையும் வினாடிக்கு எத்தனை அடி என்ற வேகத்தையும் பெருக்கினால் 10-ஐத் தாண்டுகிறதா? தாண்டினால் இறங்கக் கூடாது. மாணவர் பாதுகாப்பில் ஆசிரியர் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாத இடம் இது.

ஏரிக்கரையில் கற்க இன்னும் நிறைய இருக்கிறது. நூறு ஹெக்டேர் நீர்ப்பரப்புள்ள ஏரியில் ஒரு சென்டிமீட்டர் என்பது ஒரு கோடி லிட்டர். கலிங்கின் மட்டத்தை எடுக்கும் மாணவர் அளவுகோலைச் சாய்த்துப் பிடித்தால் எத்தனை தண்ணீர் கணக்கில் தப்பும் என்பதை அங்கேயே உணரலாம். கரையின் வெளிப்பக்க அடிவாரத்தில் ஈரம் தெரிந்தால் குனிந்து பார்க்க வேண்டும். கசிவு தெளிவாக வந்தால் கண்காணித்துவரலாம். கலங்கி வந்தால் உள்ளேயிருந்து மண் அரித்துவருகிறது. அது உடைப்புக்கு முன்னறிவிப்பு. ஏரித் தண்ணீரைத் திறந்து பங்கிட்டு விடும் நீர்க்கட்டி இதை ஆயுள் முழுக்கப் பார்த்துவருபவர். எல்லா ஊரிலும் நீர்க்கட்டி இல்லை என்றாலும், இருக்கிற ஊரில் அவரே முதல் ஆசிரியர். மதகில் எத்தனை படி வெளியே தெரிகிறது என்று பார்த்தே, தண்ணீர் இன்னும் எத்தனை நாளைக்கு வரும் என்று சொல்லக்கூடியவர் அவர்.

களத்தில் நின்று கற்பது இங்கே புதிதல்ல. கிண்டிப் பொறியியல் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகத்தான் பிறந்தது. 1830-களில் முக்கொம்பில் மேலணை கட்டிய ஆர்தர் காட்டன், ஆழம் காண முடியாத மணலில் அடித்தளம் போடும் வித்தையைக் கல்லணையைக் கட்டிய பழங்காலத்தாரிடமிருந்தே கற்றதாக எழுதிவைத்தார். பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணை எழுந்தபோது அந்தப் பாடம் கைகொடுத்தது. அதே மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 2018 ஆகஸ்டில் 9 மதகுகள் வெள்ளத்தில் உடைந்து விழுந்தன. மணலில் நிற்கும் கட்டுமானத்தை நீரோட்டம் எப்படிச் சோதிக்கும் என்பதைக் கற்பிக்க இதைவிடப் பொருத்தமான இடம் நாட்டில் அதிகம் இருக்காது.

வருத்தம் என்னவென்றால், பல கல்லூரிகளில் களப்பயணம் என்பது ஒரு நாள் பேருந்துச் சுற்றுலாவாகச் சுருங்கிவிட்டது. அணையின் முன் குழுப்படம், மதிய உணவு, மாலையில் திரும்பல். அதுவும் பெரும்பாலும் தண்ணீர் இல்லாத மாதத்தில். ஒரே வாய்க்காலுக்கு மூன்று முறை போக வேண்டும்: தூர்வாரும் கோடையில், மேட்டூர் அணை திறந்து தண்ணீர் வந்த பிறகு, வடகிழக்குப் பருவமழை கொட்டும்போது. ஒரே நாளில் ஒரு குழு தலைப்பிலும் இன்னொரு குழு கடைமடையிலும் அளக்கட்டும். இரண்டு அளவுக்கும் இடையில் எங்கே, எவ்வளவு குறைந்தது என்று மாணவர்கள் நடந்தே தேடட்டும்: கசிவு, களை, உடைந்த ஷட்டர், திருட்டு மடை. அந்த அறிக்கையை ஊரின் பாசனச் சங்கக் கூட்டத்தில் மாணவர்களே வாசிக்கட்டும். கடைமடைக்காரர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொன்ன பிறகு ஆசிரியர் மதிப்பெண் போடலாம்.