குளிர்ப் பிரதேசங்களில் மின் வாகனங்கள்: குறைபாடுகளும் காரணங்களும்

மின்சாரத்தால் இயங்கும் மோட்டார் வாகனங்களின் நன்மைகளை மாணவர்கள் நன்கு அறிவர். புகை வெளியேறுவதில்லை, இரைச்சல் குறைவு, பெற்றோல் தேவையில்லை என்பன விடைத்தாள்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. ஆயினும் "நன்மை தீமைகளை ஆராய்க" என்று வினவப்படும்போது, தீமைகளைப் பற்றிய பகுதி "விலை அதிகம்", "மின்னேற்ற நேரம் எடுக்கும்" என்ற இரண்டு வரிகளுடன் முடிந்துவிடுகின்றது. ஒரு தொழினுட்பம் எங்கே பயன்படுத்தப்படுகின்றது என்பதைப் பொறுத்தும் அதன் தீமைகள் மாறுபடும். இதற்குச் சிறந்த உதாரணம் குளிர் நாடுகளில் மின் வாகனங்களின் நிலையாகும்.

குளிர் என்னும்போது நுவரெலியாவின் குளிரை மனதிற் கொள்ளலாகாது. அங்கு தை, மாசி மாதங்களின் சில அதிகாலைகளில் மாத்திரமே புல்லின் மீது உறைபனி படிகின்றது. கனடா, பின்லாந்து, நோர்வேயின் வட பகுதி ஆகியவற்றில் வெப்பநிலை வாரக்கணக்கில் பூச்சியத்துக்குக் கீழே நிற்கும். சில நாட்களில் −30 பாகை செல்சியஸையும் அடையும்.

1. மின்கலத்தினுள் நிகழ்வது யாது?

இன்றைய மின் வாகனங்களில் பெரும்பாலும் இலிதியம் அயன் மின்கலங்களே பயன்படுத்தப்படுகின்றன. இவற்றை உருவாக்கியமைக்காக ஜோன் குடினஃப், ஸ்ரான்லி விற்றிங்ஹம், அகிரா யொஷினோ ஆகிய மூவருக்கும் 2019ஆம் ஆண்டு இரசாயனவியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இம்மின்கலத்தின் ஒரு முனை பெரும்பாலும் காரீயத்தால் ஆனது. எமது நாட்டில் போகல, கஹட்டகஹ ஆகிய இடங்களில் அகழப்படும் கனியமும் காரீயமே. மின்னேற்றும்போது இலிதியம் அயன்கள் ஒரு திரவத்தினூடாகச் சென்று காரீயப் படைகளுக்கிடையே புகுந்துகொள்கின்றன. வாகனம் ஓடும்போது அவை எதிர்த்திசையிற் திரும்புகின்றன.

குளிரில் இத்திரவம் தடிப்படைகின்றது. அயன்களின் அசைவு மந்தமாகின்றது. மின்கலத்தின் அகத்தடை கூடுகின்றது. இதனால் சேமித்த சக்தியின் ஒரு பகுதி வெளியே வரமுடியாத நிலை ஏற்படுகின்றது. சக்தி அழிந்துபோகவில்லை என்பதைக் கவனிக்க. மின்கலம் வெப்பமடைந்ததும் அது மீண்டும் கிடைக்கும்.

2. வெப்பத்துக்கும் விலை உண்டு

குறைபாட்டின் பெரும் பகுதி வாகனத்தின் உட்புறத்தைச் சூடாக்குவதிலேயே தங்கியுள்ளது. இதனைப் பெற்றோல் வாகனத்துடன் ஒப்பிட்டால் எளிதில் விளங்கும்.

பெற்றோல் எஞ்சின் எரிபொருட் சக்தியின் பெரும் பகுதியை வெப்பமாக வீணாக்குகின்றது. ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேற்பட்ட பங்கே சக்கரங்களைச் சேர்கின்றது. மாரியில் இந்த வீண் வெப்பமே பயணிகளுக்கு இலவசமாகச் சூட்டைத் தருகின்றது. மின் மோட்டரோ தான் பெறும் சக்தியிற் பெரும் பகுதியை இயக்கமாக மாற்றிவிடுகின்றது. வீணாகும் வெப்பம் மிகக் குறைவு. எனவே சூட்டுக்கான சக்தியையும் மின்கலமே வழங்கவேண்டியுள்ளது. கோடையில் மின் வாகனத்தின் சிறப்பாக அமையும் இத்திறனே மாரியில் அதன் குறையாகின்றது.

3. ஓர் எளிய கணிப்பு

ஒரு வாகனத்தின் மின்கலம் 60 கிலோவாற்று மணி சக்தியைக் கொண்டது எனவும், மிதமான காலநிலையில் 100 கிலோமீற்றருக்கு 15 கிலோவாற்று மணி செலவாகும் எனவும் கொள்வோம். அது 400 கிலோமீற்றர் ஓடும்.

இப்போது 3 கிலோவாற்று வலுவுடைய சூடாக்கி இடைவிடாது இயங்குகின்றது என்க.

(அ) மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் 100 கிலோமீற்றர் செல்ல 1 மணித்தியாலம் 40 நிமிடம் எடுக்கும். சூடாக்கிக்கு 5 கிலோவாற்று மணி செலவாகும். மொத்தச் செலவு 20. ஓடக்கூடிய தூரம் 300 கிலோமீற்றர்.

(ஆ) பனி மூடிய வீதியில் நெரிசல் ஏற்பட்டு வேகம் மணிக்கு 20 கிலோமீற்றராகக் குறைந்தால், அதே தூரத்துக்கு 5 மணித்தியாலம் எடுக்கும். சூடாக்கிக்கு மாத்திரம் 15 கிலோவாற்று மணி தேவை. மொத்தச் செலவு 30. ஓடக்கூடிய தூரம் 200 கிலோமீற்றர்.

சூடாக்கியின் செலவு தூரத்தில் அன்றி, நேரத்திலேயே தங்கியுள்ளது என்பது இதிலிருந்து புலனாகும். மின்கலத்தில் ஏற்படும் மந்தத்தையும் சேர்த்துக் கணித்தால் தூரம் இன்னும் குறையும்.

4. பிரதான குறைபாடுகள்

1. ஓடும் தூரம் குறைதல். அமெரிக்க மோட்டார் வாகனச் சங்கம் 2019இல் ஐந்து மின் வாகனங்களைப் பரிசோதித்தது. ஏறத்தாழ −7 பாகை செல்சியஸில், சூடாக்கி இயங்காதபோது தூரம் சராசரியாக 12% குறைந்தது. சூடாக்கி இயங்கியபோது 41% குறைந்தது. நோர்வே மோட்டார் வாகனச் சம்மேளனம் 2020இல் மாரிகால வீதிகளில் 20 வாகனங்களை ஓட்டிப் பார்த்தபோது சராசரி இழப்பு 18.5% ஆக இருந்தது. வாகன வகை, வெப்பநிலை, பரிசோதனை முறை ஆகியவற்றுக்கேற்ப இழப்பு வேறுபடுகின்றது.

2. மின்னேற்றம் தாமதமாதல். குளிர்ந்த மின்கலத்தை விரைவாக மின்னேற்றினால் இலிதியம் காரீயத்தினுட் புகாமல் அதன் மேற்பரப்பில் உலோகமாகப் படியக்கூடும். இது நிரந்தரச் சேதமாகும். இதனைத் தவிர்க்க வாகனத்தின் கட்டுப்பாட்டுத் தொகுதி மின்னோட்டத்தைத் தானாகவே குறைத்துவிடுகின்றது.

3. தடுப்பின்போது கிடைக்கும் சக்தி குறைதல். பிரேக் பிடிக்கும்போது மின் மோட்டர் பிறப்பாக்கியாக மாறி மின்கலத்துக்குச் சக்தியைத் திருப்பி அனுப்பும். குளிர்ந்த மின்கலம் இதனை முழுமையாக ஏற்காது.

4. தரித்து நிற்கும்போதும் செலவாதல். சில வாகனங்கள் மின்கலத்தைக் குளிரிலிருந்து பாதுகாக்கத் தாமாகவே அதனைச் சூடாக்குகின்றன. திறந்த வெளியில் நிறுத்தப்படும் வாகனம் ஓடாமலே சக்தியை இழக்க நேரிடலாம்.

5. குளிர் மட்டுமா காரணம்?

2024 ஜனவரி நடுப்பகுதியில் அமெரிக்காவின் சிக்காக்கோ நகரில் வெப்பநிலை −18 பாகைக்கும் கீழே இறங்கியது. பொது மின்னேற்று நிலையங்களில் வாகனங்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்றன. சில வாகனங்கள் சக்தி தீர்ந்து, கட்டி இழுத்துச் செல்லப்பட்டன. குளிரில் காத்திருக்கும் சாரதி சூடாக்கியை நிறுத்த முடியாது. நிறுத்தாவிடின் எஞ்சிய சக்தியும் கரைந்துவிடும். வீட்டில் மின்னேற்றும் வசதி உள்ளவர்களைவிட, பொது நிலையங்களையே நம்பியிருந்தவர்களுக்கே இந்நிலை பெரும் துன்பமாயிற்று.

மறுபுறம், குளிர் நாடான நோர்வேயில் 2024இல் விற்பனையான புதிய கார்களில் ஏறத்தாழ 89% மின் வாகனங்களாகும். அந்நாட்டு அரசு 1990கள் முதல் வரிச்சலுகைகளை வழங்கி வந்தது. வீடுகளிலும் நெடுஞ்சாலைகளிலும் மின்னேற்றும் வசதிகள் பெருகின. இரவு முழுவதும் வீட்டில் இணைத்து வைக்கப்படும் வாகனம், புறப்படுமுன்னர் வீட்டு மின்சாரத்திலேயே சூடாக்கப்படுகின்றது. மின்கலச் சக்தி பயணத்துக்கு மிஞ்சுகின்றது.

வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே கொணரும் வெப்பப் பம்பியும் உதவுகின்றது. இது குளிர்சாதனப் பெட்டியின் தத்துவத்திலேயே இயங்குவது; சாதாரண சூடாக்கியிலும் குறைந்த மின்சாரத்தையே எடுக்கும். ஆயினும் கடுங்குளிரில் இதன் பயனும் குறையும்.

பெற்றோல், டீசல் வாகனங்களும் குளிரினாற் பாதிக்கப்படுகின்றன என்பதை மறத்தலாகாது. டீசலிலுள்ள மெழுகு உறைந்து வடிகட்டியை அடைக்கும். எஞ்சினை இயக்கும் பற்றரி வலுவிழக்கும். கனடா, பின்லாந்து ஆகிய நாடுகளில் எஞ்சினை இரவில் சூடாக வைத்திருக்க மின்சூடாக்கி பொருத்தும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு.

6. முடிவுரை

குளிர்ப் பிரதேசத்தில் மின் வாகனத்தின் குறைபாடுகள் இருவகைப்படும். ஒன்று இயற்கை விதியால் வருவது. அயன்கள் மந்தமடைவதையும், சூட்டுக்குச் சக்தி செலவாவதையும் குறைக்கலாமேயன்றி முற்றாக நீக்க முடியாது. மற்றையது வசதியின்மையால் வருவது. சொந்த வீடும் வாகனத் தரிப்பிடமும் உள்ளவருக்குச் சிறிய சிரமமாக அமையும் அதே குளிர், மாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருந்து வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்துபவருக்குப் பெரும் இடராக அமைகின்றது. ஆகவே "மின் வாகனம் குளிருக்கு உதவாது" என்பதும், "குளிர் ஒரு பிரச்சினையே அன்று" என்பதும் முழு உண்மையாகா. யாருக்கு, எந்த வசதிகளுடன் என்பதையும் சேர்த்து ஆராய்வதே சரியான மதிப்பீடாகும்.

மாணவர் கவனத்துக்கு

குறைபாடுகளைப் பட்டியலிடுவதுடன் நின்றுவிடாது, ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வசனத்திலாவது எழுதுக. புள்ளிவிபரம் தரும்போது ஆண்டையும் குறிப்பிடுக. "விளக்குக" என்ற வினாவுக்குக் காரணமும், "மதிப்பிடுக" என்ற வினாவுக்கு இரு பக்க நியாயங்களுடன் முடிவும் அவசியம்.

பயிற்சி வினாக்கள்

1. குளிரில் இலிதியம் அயன் மின்கலத்தின் செயற்பாடு குறைவதற்கான காரணத்தை விளக்குக.
2. மாரியில் உட்புறத்தைச் சூடாக்குவதில் பெற்றோல் வாகனத்துக்கும் மின் வாகனத்துக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூறுக.
3. பகுதி 3இல் தரப்பட்ட வாகனம், சூடாக்கி இயங்கியவாறு மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் சென்றால் எவ்வளவு தூரம் ஓடும்? (விடை: 240 கிலோமீற்றர்)
4. "மின் வாகனத்தின் குறைபாடு குளிரில் அன்றி, வசதியின்மையிலேயே உள்ளது." இக்கூற்றை மதிப்பிடுக.