குரல் மட்டும் போதும்: ஒலி நாடகம் பிறப்பதும் நேயர்களால் வளர்வதும்

1954 அக்டோபர் 18 அன்று, வில்லியனூர் வட்டாரத்துக் கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் வாக்களித்தார்கள். பிரெஞ்சிந்தியப் பகுதிகள் இந்தியாவோடு இணையட்டும் என்றவர்கள் 170 பேர்; வேண்டாம் என்றவர்கள் 8 பேர். இந்த ஒரு நாளைத் திரைப்படமாக எடுக்கப் போனால் அந்தக் காலத்து உடை, வண்டிகள், பிரெஞ்சு அதிகாரிகள், திரண்ட கூட்டம் என்று பணம் கரைந்துகொண்டே இருக்கும். ஒலி நாடகத்துக்கோ பெயர் கூப்பிடும் ஒரு குரல், நாற்காலி நகரும் ஓசை, மரத்தடியில் காத்திருப்போரின் முணுமுணுப்பு, இவ்வளவே போதும். வேண்டாம் என்று வாக்களித்த எட்டுப் பேரில் ஒருவர் அன்றிரவு வீடு திரும்பியதும் மனைவி அவரிடம் என்ன கேட்டிருப்பார் என்று கற்பனை செய்து ஒரு காட்சி எழுதத் தெரிந்தால், நாடகத்தின் பாதி வேலை முடிந்தது.

புதுச்சேரியின் நெட்டப்பாக்கம் கொம்யூனில், தமிழகத்தின் எல்லையை ஒட்டி இருக்கும் மடுகரை போன்ற ஊரில் இந்த நாடகத்தை எடுக்க முடியுமா? முடியும். கையில் இருக்கும் கைபேசியும் ஓர் இரவல் கணினியும் போதும். அதைக் கேட்க ஆள் சேர்ப்பதும், சேர்ந்தவர்களைத் தக்கவைப்பதும்தான் கடினமான பகுதி. நாடகம் எடுப்பதையும் நேயர்களைச் சேர்ப்பதையும் வரிசையாகப் பார்ப்போம்.

பாட்காஸ்ட் நாடகம் என்றால்?

வானொலி நாடகத்துக்கு நேரம் உண்டு. அந்த நேரத்தில் பெட்டிக்கு முன்னால் இருந்தாக வேண்டும். பாட்காஸ்டில் அத்தியாயம் ஓர் ஒலிக்கோப்பாக இணையத்தில் இருக்கும். நேயர் தனக்கு வசதிப்பட்டபோது, களை எடுக்கும்போதோ பேருந்திலோ கேட்டுக்கொள்வார். தொடரைப் பின்தொடர்பவருக்குப் புதிய அத்தியாயம் வந்த செய்தி தானாகவே போய்ச் சேரும். ஒலிநூலில் பெரும்பாலும் ஒருவரே முழுக்கதையையும் வாசிப்பார். ஒலி நாடகத்தில் பாத்திரத்துக்கு ஒரு குரல், காட்சிக்கு ஓர் ஒலிச்சூழல் உண்டு. தமிழில் பாம்பே கண்ணன் கல்கியின் 'பொன்னியின் செல்வ'னைப் பல நடிகர்களின் குரலிலும் இசையோடும் கொண்டுவந்தது, நாவலை இந்த வடிவத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவந்த பெரிய முயற்சி.

நமக்குப் பழக்கமான கலைதான்

பிபிசி 1924 ஜனவரி 15 அன்று ஒலிபரப்பிய ரிச்சர்ட் ஹியூஸின் 'டேஞ்சர்', வானொலிக்கென்றே எழுதப்பட்ட முதல் நாடகங்களில் ஒன்று. நிலக்கரிச் சுரங்கத்தில் விளக்கு அணைந்துவிடுகிறது. பாத்திரங்களுக்கும் எதுவும் தெரியாது, கேட்பவருக்கும் தெரியாது. கண் இல்லாத குறையைக் கதையின் பலமாக மாற்றிய உத்தி அது.

இதற்கு ஒப்பான உத்தி நம் கூத்துக் களரியில் நெடுங்காலமாக இருக்கிறது. திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்தில் முக்கியப் பாத்திரம் நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் பிடித்த திரைக்குப் பின்னால் நின்று பாடத் தொடங்கும். யார், எந்த நாடு, என்ன பெருமை என்பதெல்லாம் பாட்டிலும் கட்டியக்காரனின் கேள்விகளிலும் வெளியாகும். முகம் தெரியுமுன் குரல் தெரிந்துவிடுகிறது. ஒலி நாடகம் எழுதுகிறவருக்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

அடுத்த தலைமுறைக்கு ஒலிபெருக்கி இருந்தது. கல்யாண வீட்டிலும் கோயில் திருவிழாவிலும் 'திருவிளையாடல்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படங்களின் கதை வசனம் ஊர் முழுக்க ஒலிக்கும். படத்தைப் பார்க்காதவர்களும் வசனத்தை மனப்பாடமாகச் சொன்னார்கள். வானொலியின் ஒலிச்சித்திரமும் அதே வேலையைச் செய்தது.

அலைவரிசை கடல் தாண்டி வந்த காலத்தில் இலங்கை வானொலிக்கும் இங்கே நேயர்கள் இருந்தார்கள். அந்த நிலையத்தின் 'கோமாளிகளின் கும்மாளம்' இன்றைக்கும் படிக்க வேண்டிய உதாரணம். ஒருவர் முஸ்லிம்களின் தமிழ் பேசுவார், ஒருவர் யாழ்ப்பாணத் தமிழ், ஒருவர் சிங்களம் தோய்ந்த தமிழ், ஒருவர் ஐயர் தமிழ். யார் பேசுகிறார்கள் என்று அறிவிப்பாளர் சொல்லத் தேவையே இல்லை. பாத்திரப் பெயர் நடிகரின் பெயரோடு ஒட்டிக்கொண்டு மரிக்கார் ராமதாஸ், உபாலி செல்வசேகரன், அப்புக்குட்டி ராஜகோபால் என்றே அவர்கள் அறியப்பட்டார்கள். 1976இல் அது 'கோமாளிகள்' என்ற திரைப்படமானது.

எழுத்து: என்ன கேட்கும்?

காட்சியை எழுதி முடித்ததும் யாரையாவது வாசிக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். எங்கே இருக்கிறோம், எத்தனை பேர், யாருக்கு என்ன வேண்டும் என்ற மூன்றும் முதல் அரை நிமிடத்துக்குள் புரிய வேண்டும். 'அதோ பார், அவன் கையில் கத்தி வைத்துக்கொண்டு வருகிறான்' என்று ஒரு பாத்திரம் விவரித்தால் நாடகம் செத்துவிடும். 'டேய், அதக் கீழ போடுறா' என்றால் கத்தியும் தெரியும், பயமும் தெரியும், இருவருக்கும் முன்பே பழக்கம் உண்டென்பதும் தெரியும்.

ஒரு காட்சியில் மூன்று, நான்கு குரல்களுக்கு மேல் வைக்காதீர்கள். வயது, வேகம், வட்டார வழக்கு, இவற்றில் ஏதாவது ஒன்றிலாவது ஒவ்வொரு குரலும் மற்றதிலிருந்து விலகி நிற்கட்டும். 'வரச்சொல்ல பாத்தேன்' என்று பேசும் மடுகரைப் பெரியவரும், நகரத்தில் படித்துவிட்டு வந்து 'வரும்போது பார்த்தேன்' என்னும் பேத்தியும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால் அறிமுகமே வேண்டாம். வாய் பேசாமல் தலையாட்டும் பாத்திரம் ஒலியில் இல்லாத பாத்திரம். அதற்கு ஒரு 'ம்'மாவது கொடுக்க வேண்டும்.

கதைக்குப் பஞ்சமில்லை. பாகூர் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவரும் பங்காரு வாய்க்காலைப் பற்றிப் பங்காரு, சிங்காரு என்ற இரு பெண்களின் செவிவழிக் கதை உண்டு. 1954 மார்ச் இறுதியில் நெட்டப்பாக்கத்தில் விடுதலைக் கொடி ஏறியதைப் பற்றிப் பாட்டன்மார் சொன்ன கதை எந்தெந்த வீட்டில் இன்னும் உலவுகிறதோ, அங்கெல்லாம் ஓர் அத்தியாயம் இருக்கிறது.

பிறர் எழுதியதை எடுப்பதானால் சட்டம் தெரிய வேண்டும். இந்தியாவில் எழுத்தாளரின் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். கல்கி 1954இல் மறைந்தார். பாரதிதாசன் 1964இல் மறைந்தார். இருவர் எழுத்துக்கும் அந்தக் காலக்கெடு முடிந்துவிட்டது. பின்னணியில் திரைப்பாட்டைப் போடுவதுதான் புதியவர்கள் விழும் குழி. பாட்டுக்கும் பதிவுக்கும் தனித்தனி உரிமையாளர்கள் இருப்பார்கள். தளம் உங்கள் அத்தியாயத்தையே நீக்கிவிடும். ஊர்க் கலைஞரிடம் மிருதங்கமும் முகவீணையும் வாசிக்கச் சொல்லி, உரிய பணம் கொடுத்துப் பதிவு செய்தால் சிக்கலும் இல்லை, மண்ணின் ஒலியும் கிடைக்கும்.

பதிவு: எதிரொலியே எதிரி

விலை உயர்ந்த மைக்கைவிடச் சரியான அறை முக்கியம். வெறும் சிமெண்டுச் சுவரில் குரல் மோதித் திரும்பும். அந்த எதிரொலியைப் பிறகு எந்த மென்பொருளாலும் முழுசாக எடுக்க முடியாது. துணி நிறைந்த அலமாரிக்கு முன்னால், இரண்டு பக்கமும் கொடியில் கனமான போர்வையைத் தொங்கவிட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். வாய்க்கும் மைக்குக்கும் இடையே ஒரு சாண் தூரம். நேராக ஊதாமல் சற்றே பக்கவாட்டில் பேசினால் 'ப', 'ப்ப' வரும்போது காற்று இடிக்காது. கைபேசியிலும் சுருக்கப்படாத வேவ் வடிவில் 48 கிலோஹெர்ட்ஸில் பதிய முடியும். நாய், ஒலிபெருக்கி, டிராக்டர் எல்லாம் அடங்கிய நேரம் பார்த்துப் பதிவை வைத்துக்கொள்வது உத்தமம்.

யாரும் பேசாமல் அறையின் மௌனத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். வசனங்களை வெட்டி ஒட்டும்போது இடைவெளியில் இதை நிரப்பாவிட்டால் ஒட்டுப்போட்டது காதுக்குத் தெரிந்துவிடும். நடிகர்களைக் கூடுமானவரை ஒரே அறையில் ஒன்றாகப் பேச வையுங்கள். ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடுவதில்தான் உயிர் இருக்கிறது.

ஒலிகளை இணையத்தில் தேடுவதற்கு முன் வாசலில் தேடலாம். கிணற்றுச் சகடை, நெல் தூற்றும் முறம், மலட்டாற்று மணலில் நடக்கும் கால் என ஒவ்வொன்றையும் தனித்தனியே பதிந்து பெயரிட்டு வைத்தால் அடுத்தடுத்த தொடர்களுக்கும் உதவும்.

தொகுப்பும் வெளியீடும்

அடாசிட்டி என்ற மென்பொருள் இலவசம். வசனம் ஒரு தடத்தில், ஒலிகள் ஒரு தடத்தில், இசை இன்னொன்றில் வைத்தால் குழப்பம் இருக்காது. ஒலியளவுக்கு பாட்காஸ்ட் உலகம் ஏற்ற அளவு, எல்யுஎஃப்எஸ் என்ற அலகில் ஏறத்தாழ மைனஸ் 16. இதைக் கவனிக்காவிட்டால் ஒருவர் கத்துவார், அடுத்தவர் முணுமுணுப்பார், நேயர் ஒலிப்பொத்தானோடு மல்லாடுவார். முடித்ததை விலையுயர்ந்த ஹெட்போனில் மட்டும் சோதிக்காமல் சாதாரணக் கைபேசி ஒலிபெருக்கியிலும், ஓடும் பேருந்திலும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

128 கேபிபிஎஸ் எம்பி3 கோப்பு நிமிடத்துக்குச் சுமார் 1 எம்பி; 20 நிமிட அத்தியாயம் 20 எம்பிக்குள் அடங்கும். இதை ஒரு சேமிப்புத் தளத்தில் ஏற்றினால் அது ஆர்எஸ்எஸ் என்ற ஓடையை உருவாக்கும். அந்த ஓடையின் முகவரியை ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் போன்ற தளங்களில் ஒருமுறை பதிவு செய்தால் அடுத்தடுத்த அத்தியாயங்கள் தாமாகவே அங்கெல்லாம் போய்விடும். நம் ஊர் நேயர்கள் கூடும் இடம் யூடியூபும் வாட்ஸப்பும் என்பதால் அங்கும் ஏற்றுவது அவசியம்.

நேயர்கள் எப்படி உருவாகிறார்கள்?

2012இல் அமெரிக்காவில் தொடங்கிய 'வெல்கம் டு நைட் வேல்' ஒரு பாலைவனச் சிற்றூரின் சமுதாய வானொலி அறிவிப்பாளர் பேசுவதாக அமைந்த தொடர். அந்த அறிவிப்பாளர் எப்படி இருப்பார் என்று தொடர் தெளிவாகச் சொல்லாமலே விட்டது. நேயர்கள் ஆளுக்கொரு விதமாக அவரை வரைந்து இணையத்தில் பகிர்ந்தார்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் புதியவர்கள் கேட்க வந்தார்கள். 2013இல் அது ஐட்யூன்ஸ் பட்டியலின் முதலிடத்துக்குப் போனது. படைப்பாளி விட்டுவைத்த இடத்தில்தான் நேயர் நுழைந்தார்.

அகில இந்திய வானொலி 1996-97இல் ஒலிபரப்பிய 'தின்கா தின்கா சுக்' இந்தித் தொடர் இன்னும் ஆழமாக இறங்கியது. 104 அத்தியாயங்கள். உத்தரப் பிரதேசத்தின் லுட்சான் என்ற கிராமத்தில் ஒரு தையற்காரர் முன்னின்று, வரதட்சணை வாங்கவும் மாட்டோம், கொடுக்கவும் மாட்டோம் என்று 184 பேர் கையெழுத்திட்ட பெரிய தாளை வானொலிக்கு அனுப்பினார்கள். அங்கே கேட்பதற்கென்றே குழுக்கள் உருவாயின. தனியாகக் கேட்டவர் ரசித்தார். கூடிக் கேட்டவர்கள் பேசினார்கள், பேசியதால் முடிவெடுத்தார்கள்.

1951 முதல் பிரிட்டன் முழுதும் ஒலிக்கும் 'தி ஆர்ச்சர்ஸ்' வானொலித் தொடர் தொடங்கியபோது உழவர்களுக்குப் புதிய வேளாண் முறைகளைச் சொல்லும் நோக்கமும் அதில் சேர்ந்திருந்தது. 2016இல் அதில் கணவனின் கொடுமைக்கு ஆளான ஒரு பெண்ணின் கதை உச்சத்தை எட்டியபோது, நேயர்கள் அத்தகைய பெண்களுக்கு உதவும் அமைப்புக்காக ஒரு லட்சம் பவுண்டுக்கும் மேல் திரட்டினார்கள்.

இவற்றிலிருந்து சிறு குழு எடுத்துக்கொள்ளக்கூடியவை சில:

• தவணை தவறக் கூடாது. மாதம் ஒன்று என்றால் மாதம் ஒன்று. முழுப் பருவத்தையும் பதிவு செய்துவிட்டே முதல் அத்தியாயத்தை வெளியிடுங்கள்.

• நேயருக்கு வேலை கொடுங்கள். கீழூர் நாடகத்தைக் கேட்டவரிடம் 'உங்கள் வீட்டுப் பெரியவர் அந்த நாளில் எங்கே இருந்தார்?' என்று கேட்டுக் குரல் பதிவு அனுப்பச் சொல்லலாம். நல்லவற்றை, ஒப்புதல் வாங்கி, அடுத்த அத்தியாயத்தின் முடிவில் சேர்க்கலாம்.

• அனுப்பியவரின் பெயரைச் சொல்லுங்கள். வானொலியில் தன் பெயர் வருமா என்று அஞ்சலட்டை எழுதிக் காத்திருந்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் நாம்.

• வாட்ஸப் குழுவுக்கு விதிகள் வையுங்கள். அரசியல் சண்டை, காலை வணக்கப் படங்கள், கேட்காதவர்களுக்குக் கதை முடிவை உடைப்பது, இம்மூன்றுக்கும் இடமில்லை. பெண் நேயர்களின் எண்கள் எல்லோருக்கும் தெரியும் குழுவைவிட, நிர்வாகிகள் மட்டும் பதிவிடும் சேனல் பாதுகாப்பானது.

• ரசிகர் சொன்னபடியெல்லாம் கதையை வளைக்காதீர்கள். அவர்கள் ஊகிப்பதை ரசிக்கலாம், முடிவு எழுத்தாளருடையது.

பணம் வருமா?

உடனே வராது. நைட் வேல் குழு நன்கொடையிலும் மேடை நிகழ்ச்சிகளிலும் புத்தகங்களிலும் காலூன்றியது. நம் கூத்திலும் ஊர்ப்பணமும், ஆட்டத்தின் நடுவே அன்பளிப்பு கொடுத்தவரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்லும் வழக்கமும் உண்டு. அத்தியாயத் தொடக்கத்தில் உள்ளூர் உரக்கடையோ ஜவுளிக்கடையோ வழங்குவதாகச் சொல்வது அதன் தொடர்ச்சிதான். ஆனால் முதல் வரவு நடிகருக்கும் வாத்தியக்காரருக்கும் போக வேண்டும். நட்புக்காக வந்தவர் மூன்றாவது அத்தியாயத்தோடு நின்றுவிடுவார்.

ஊருக்குள் கொண்டுபோவது

1998இல் எம்.எஸ்.சுவாமிநாதன் ஆய்வு நிறுவனம் வில்லியனூரை மையமாக வைத்துக் கிராம அறிவு மையங்களைத் தொடங்கியது. அலையின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை இணையத்திலிருந்து எடுத்து, வீராம்பட்டினம் மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். தனித்தனியாகக் கருவி இல்லாதவர்களுக்கும் இணையத்தின் பயன் இப்படிப் போய்ச் சேர்ந்தது.

நாடகத்துக்கும் அது பொருந்தும். காலாப்பட்டில் உள்ள புதுவைப் பல்கலைக்கழகத்தின் சமுதாய வானொலியான புதுவை வாணி போன்ற நிலையங்களை அணுகலாம். நூலகத்திலோ பள்ளியிலோ மாதத்தில் ஒரு மாலை கூடிக் கேட்கும் வழக்கத்தை ஏற்படுத்தலாம். கேட்டு முடித்ததும் அரை மணி நேரம் பேச்சுக்கு விட வேண்டும். எந்த இடத்தில் கதை புரியவில்லை, எந்தக் குரல் பொய்யாக இருந்தது என்று அங்கே வருகிற பதில் எந்தத் தளத்தின் புள்ளிவிவரமும் தராதது.

ஆகவே தொடங்க நினைப்பவர்கள் முதலில் மைக் வாங்கப் போக வேண்டாம். பத்துப் பக்கத்தில் ஒரே காட்சியை எழுதி, நான்கு பேரை வைத்துக் கைபேசியில் பதிந்து, ஊரில் இருபது பேரைக் கூட்டிக் கேட்க வையுங்கள். அடுத்து என்ன ஆகும் என்று அவர்களில் ஐந்து பேர் கேட்டால் தொடரை எழுதலாம். யாரும் கேட்காவிட்டால் திருத்த வேண்டியது காட்சியை, கருவியை அல்ல.