பரம்பரையும் இரத்த அழுத்தமும்

பெற்றோரிடமிருந்து நாம் பெறுவது வீடும் நிலமும் மட்டுமன்று. உயர் இரத்த அழுத்தம் வரக்கூடிய இயல்பும் அவற்றோடு வருவதுண்டு. அதன் அடையாளங்களை இன்று ஒரு சிறு குருதி மாதிரியிலுள்ள டி.என்.ஏ.வில் காண இயலும்.

2018-இல் வெளியான ஓர் ஆய்வு, ஐரோப்பிய வழியினர் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவுகளை ஆராய்ந்து, இரத்த அழுத்தத்தோடு தொடர்புடைய 535 புதிய மரபணு இடங்களைக் கண்டறிந்தது. முன்பே அறிந்தவற்றோடு சேர்த்து அவை 901. எனினும் ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. மேலும், ஐரோப்பியரைக் கொண்டு வகுத்த கணிப்பு இந்தியருக்கு அப்படியே பொருந்தாது.

வங்கி மொழியில் கூறுவதாயின், மரபணு நம் கணக்கின் தொடக்க இருப்பு. அதை மாற்ற இயலாது. பின்வரும் பதிவுகளோ பெரிதும் நம் கையில் உள்ளவை. நாளொன்றுக்கு 5 கிராமுக்கும் குறைவான உப்பு, அன்றாட நடை, அளவான எடை, புகையிலையை விலக்கல் ஆகியன நம் வரவுகள்.

உயர் இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாமலே இதயத்தையும் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்குகிறது. ஆகவே பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ அது இருப்பின், விலையுயர்ந்த மரபணுச் சோதனைக்குக் காத்திராமல் இரத்த அழுத்தத்தை அளந்து பார்ப்போம். வெவ்வேறு நாள்களில் 140/90 அல்லது அதற்கு மேல் காட்டினால், தாமதமின்றி மருத்துவரை அணுகுவோம்.