வீட்டுக்குள்ளே ஒரு டாக்கீஸ் – 9: அம்பாரி ஏன் திக்குகிறது?

 

மைசூரு குவெம்பு நகரில் என் அக்கா வீடு. தசரா முடிந்த மறுநாள், அக்கா மகன் தன் போனில் எடுத்த ஜம்பூ சவாரி (தசரா யானை ஊர்வலம்) வீடியோவைக் கூடத்து டிவியில் போட்டான். டிவிக்குப் பின்னால் இருப்பது 2013-ல் வாங்கிய கம்ப்யூட்டர். அரண்மனைச் சுவர் மட்டும் தெரிந்தவரை படம் வழுக்கிக்கொண்டு ஓடியது. அம்பாரி சுமந்த யானை நகர்ந்து, சயாஜி ராவ் சாலைக் கூட்டம் திரையை நிறைத்ததும் விட்டு விட்டுக் குதித்தது. டொள்ளு மேளத்தின் சத்தம் மட்டும் பிசிறில்லாமல் வந்தது; அடிக்கும் கை பின்தங்கி வந்தது.

“புது கம்ப்யூட்டர்தான் வாங்கணுமா மாமா?”

“பொறுடா, அந்த மேளத்தைக் கேளு” என்றேன்.

சத்தம்தான் முதல் துப்பு. வைஃபையோ ஹார்டு டிஸ்க்கோ மந்தமாக இருந்தால் பெரும்பாலும் சத்தமும் சேர்ந்தே நிற்கும். சத்தம் சீராக வந்து படம் மட்டும் தடுக்கினால், கோப்பு வந்து சேர்ந்துவிட்டது, அதைப் பிரிக்கிற இடத்தில்தான் நெரிசல் என்று கொள்ளலாம். கோடி (Kodi) என்ற பிளேயரில் படம் ஓடும்போது கீபோர்டில் ‘ஓ’ எழுத்தை அழுத்தினோம். டீகோடர் வரியில் ‘எச்இவிசி’ (வீடியோவைச் சுருக்கும் ஒரு முறை), பக்கத்தில் ‘எஸ்டபிள்யூ’ (சாஃப்ட்வேர்) என்று வந்தது. படத்தைப் பிரிக்கவென்றே உள்ள தனிச் சில்லு சும்மா இருக்கிறது, மொத்தச் சுமையும் பொது பிராசசர் தலையில் என்று பொருள். டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் பிராசசர் 100 சதவீதத்தைத் தொட்டு நின்றது.

அதன் மேல் அப்படி என்ன சுமை? அக்கா மகன் எடுத்தது போன்ற 4கே படத்தின் ஒரு பிரேமில் கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஏறக்குறைய 50 கோடி. சுருக்காமல் வைத்தால் ஒரு நிமிடத்துக்கே 90 ஜிபி ஆகிவிடும். ஐபோனில் இதே அளவு வீடியோ நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பிதான். இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவாக இதை அடக்கியது யார் என்று தேடப் போனேன். இந்த வாரம் முழுவதும் அதிலேயே போய்விட்டது.

கிடைத்த பெயர் நசீர் அகமது. 1940-ல் பெங்களூரில் பிறந்தவர். 1961-ல் அங்குள்ள விஸ்வேஸ்வரய்யா பொறியியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். பெங்களூர்ப் பல்கலைக்கழகம் 1964-ல்தான் வந்தது; அதற்கு முன் அந்தக் கல்லூரி இருந்தது மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் கீழ். அதாவது, அக்கா வீட்டுக்குச் சிறிது தூரத்தில் இருக்கும் மானச கங்கோத்ரி வளாகத்தின் அதே பல்கலைக்கழகம்!

கான்சாஸில் பேராசிரியராக இருந்தபோது, 1972-ல், படத்தைச் சுருக்கும் தன் யோசனைக்கு அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் நிதி கேட்டார். ‘மிகவும் எளிமையாக இருக்கிறது’ என்று மதிப்பீட்டாளர் ஒருவர் சொல்ல, நிதி கிடைக்கவில்லை. மறு கோடையில் வருமானத்துக்கு என்ன செய்வது என்று அவர் தவித்தபோது, ‘கவலைப்படாமல் வேலையைப் பாருங்கள்’ என்று தைரியம் சொன்னவர் மனைவி எஸ்தர். 1974 ஜனவரியில் கட்டுரை வெளியானது. உடன் எழுதியவர்கள் இருவர்: அவருடைய ஆய்வு மாணவர் டி. நடராஜன், சென்னை கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்த கே.ஆர். ராவ். ‘திஸ் இஸ் அஸ்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர் 2021-ல் நசீர் – எஸ்தர் கதையை ஒரு பகுதியில் காட்டியது. நம் ஊர்ப் பாடப் புத்தகத்திலும் அது வர வேண்டும் என்பது என் ஆசை.

அவர்கள் கணக்கு இதுதான். படத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டு. ஒவ்வொரு சதுரத்தின் ஒளியையும் பல அலைகளின் கூட்டாக எழுது. கண்ணுக்குத் தேவைப்படாத நுண்ணலைகளைக் குறைத்துவிடு. வெறும் சுவருக்கு ஒன்றிரண்டு அலை போதும். தலைப்பாகையும் ஜரிகையும் பூமாலையும் நெரிகிற கூட்டத்துக்கு ஏராளமான அலைகள் வேண்டும். அதுவும் அசைந்துகொண்டே இருந்தால் வேலை பல மடங்கு. அதனால்தான் சுவரில் ஓடிய படம் அம்பாரியில் திக்கியது. ஜேபெக், எச்264, எச்இவிசி எல்லாவற்றுக்கும் அடியில் இந்தக் கணக்கோ அதன் மாற்று வடிவமோதான் இருக்கிறது.

இனி வைத்தியம். 2013-ன் பிராசசரில் எச்264-க்குத் தனிச் சில்லு உண்டு, எச்இவிசிக்கு முழுமையாக இல்லை. இன்டெல்லில் அது ஆறாம் தலைமுறையில், 2015-ல், வந்தது. 10 பிட் படங்களுக்கு ஏழாம் தலைமுறை வேண்டும். நாங்கள் ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் வீடியோவை 1080பி எச்264 ஆக மாற்றப் போட்டுவிட்டுத் தூங்கினோம். காலையில் அம்பாரி அசைந்து அசைந்து போனது, கையும் மேளமும் ஒன்றாக. காலணா செலவில்லை. அடிக்கடி 4கே பார்ப்பவர்கள் எச்இவிசி தெரிந்த சிறிய கிராபிக்ஸ் கார்டு ஒன்றைச் செருகிக்கொள்ளலாம்.

   உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் கோடியில் ஒரு படத்தை ஓடவிட்டு ‘ஓ’ எழுத்தை அழுத்துங்கள். என்ன வருகிறது என்று பார்க்காமல் பழைய பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.