எந்த முருகனுக்குப் போகிறது கிசான் பணம்?

பி.எம். கிசான் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியல் என்று ஒரு பக்கம் உண்டு. மாநிலம், மாவட்டம், வட்டாரம், கிராமம் என்று வரிசையாகத் தேர்வு செய்தால் ஊர்க்காரர்களின் பெயர்கள் வந்து நிற்கும். வரிசை எண், பெயர், ஆணா பெண்ணா என்ற குறிப்பு, அவ்வளவுதான். தகப்பன் பெயரும் கிடையாது, சர்வே எண்ணும் கிடையாது. ஏழெட்டு முருகன்கள் உள்ள ஊரில் எந்த முருகனுக்குப் பணம் போகிறது என்று பக்கத்து வயல்காரராலேயே சொல்ல முடியாது.

ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணையாக விவசாயிகளின் வங்கிக் கணக்கில் போடும் இத்திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. வருமான வரி கட்டுவோர், டாக்டர், வக்கீல், பெரும்பாலான அரசு ஊழியர்கள் ஆகியோருக்குத் தகுதி கிடையாது. பட்டா தன் பெயரில் இல்லாததால், குத்தகைக்கு உழுகிறவருக்கும் கிடையாது.

ஆனால், 2020-ல் தமிழகத்தில் நிலமே இல்லாதவர்களுக்கும் பணம் போனது. விவசாயிகள் தாங்களே பதிவு செய்துகொள்ள இணையதளத்தில் வழி திறந்திருந்தது. ஒப்புதல் தர வேண்டிய வேளாண் துறையின் பாஸ்வேர்டுகள் கம்ப்யூட்டர் சென்டர்களுக்கும் புரோக்கர்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆதார் நகலும் பேங்க் பாஸ்புக்கும் இருந்தால் போதும், விவசாயி ஆகிவிடலாம். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் இது நடந்தது. ஐந்தரை லட்சம் பேர் வரை தகுதியில்லாமல் சேர்க்கப்பட்டார்கள், சுமார் 110 கோடி ரூபாய் போனது என்று அரசே சொன்னது. வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது, தற்காலிக ஊழியர்கள் நீக்கப்பட்டார்கள்.

மற்ற மாநிலங்களும் சளைத்தவை அல்ல. நாடு முழுக்க 20.48 லட்சம் தகுதியற்றவர்களுக்கு 1,364 கோடி ரூபாய் போயிருக்கிறது என்ற கணக்கு 2021 ஜனவரியில் வெளிவந்தது. அதில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வருமான வரி கட்டுவோர். தகவல் உரிமைச் சட்டத்தில் ஒருவர் மனுப் போட்டுக் கேட்டதால்தான் அந்தக் கணக்கு வெளியே வந்தது.

உண்மையில் யாரும் மனுப் போட்டுக் கேட்க வேண்டியதே இல்லை. மானியத் திட்டங்களுக்கு ஒதுக்கிய தொகையையும் பயனாளிகளின் விவரத்தையும் அரசு அலுவலகங்கள் தாமாகவே வெளியிட வேண்டும் என்று அதே சட்டத்தின் 4-வது பிரிவு சொல்கிறது. இந்த நிலையில்தான், 2023-ல் இயற்றப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(j) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவலுக்கான விலக்கை விரிவாக்கியது. பட்டியலைக் கேட்டால் இனி இந்தத் திருத்தத்தைக் காட்டிக் கதவைச் சாத்தலாம்.

ஐரோப்பாவிலும் இந்தச் சண்டை நடந்தது. வேளாண் மானியம் பெற்ற ஒவ்வொருவரின் பெயரையும் வெளியிட்டதை எதிர்த்து ஜெர்மனி விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். தொகை, காலம் எதையும் பாராமல் தனிமனிதர் பெயரையெல்லாம் போடுவது அளவுக்கு மீறியது என்று 2010 நவம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்காக அவர்கள் பட்டியலையே மூடிவிடவில்லை. 2013-ல் புது விதி வந்தது: 1,250 யூரோவும் அதற்குக் கீழும் வாங்குவோரின் பெயர் மட்டும் மறைக்கப்படும்.

அந்தக் கணக்குப்படி நம் 6,000 ரூபாய் மறைக்க வேண்டிய சில்லறைத் தொகைதான். ஆனால், அங்கே கேள்வி, யார் எவ்வளவு வாங்கினார் என்பது. இங்கே கேள்வி, வாங்கியவர் விவசாயிதானா என்பது. அதைச் சொல்ல ஊராரைவிட நல்ல சாட்சி கிடையாது. ஆதார் எண், வங்கிக் கணக்கு, போன் நம்பர் ஆகியவை மறைவாகவே இருக்கட்டும். பெயர், தகப்பன் அல்லது கணவர் பெயர், சர்வே எண், வாங்கிய தவணை ஆகியவை வெளியே வரட்டும். சர்வே எண்ணைத் தட்டினால் பட்டாதாரரின் பெயரைத் தமிழக அரசின் இணையதளமே காட்டுகிறது. அங்கே ரகசியமாக இல்லாதது மானியப் பட்டியலில் மட்டும் எப்படி ரகசியமாகும்?

அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் உங்கள் ஊர்ப் பட்டியலை உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். தகுதியிருந்தும் விடுபட்டவர் யார், தகுதியில்லாமல் நுழைந்தவர் யார் என்பதை அங்கேயே தீர்மானமாக எழுதி வாங்குங்கள்.