பாலூட்டலும் சமூக உறவுகளும்: ஒரு குறிப்பு

குழந்தைக்குப் பாலூட்டுதல் இயற்கையானதொரு செயலாகவே பொதுவாகக் கருதப்படுகின்றது. ஆயின் எப்பொழுது ஊட்டுவது, எத்துணைக் காலம் ஊட்டுவது, தாய் எதனை உண்பது என்பன சமூகத்தால் நிர்ணயிக்கப்படுவனவாகும்.

வட்டுக்கோட்டை முதலாய யாழ்ப்பாணக் கிராமங்களிற் பிள்ளை பெற்ற தாய்க்கு மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு, உள்ளி சேர்த்தரைத்த சரக்குக்கறி கொடுப்பர். பால் சுரக்கச் சுறாவறையும் முருங்கையிலையும் நன்றென்பர். கிரந்தியுணவு விலக்கப்படும். தாய் உண்பது பாலூடாகப் பிள்ளையைச் சேரும் என்பதே இதன் அடிப்படை. சூடு, குளிர் பற்றிய இத்தகைய பாகுபாடு வியட்நாமியரிடத்தும் உண்டு. 1975இன் பின் அகதிகளாக அமெரிக்கா சென்ற வியட்நாமியத் தாய்மார் பலர் புட்டிப்பாலுக்கு மாறினர். நம்பிக்கை அழிந்ததனாலன்று, அதனைத் தாங்கிநின்ற உறவினர் துணையும் ஓய்வும் அற்றுப்போனமையாலேயே பெரிதும் அம்மாற்றம் நிகழ்ந்தது எனலாம்.

இவ்வழக்குகளை மூடநம்பிக்கை என ஒதுக்குவதும், முன்னோர் ஞானம் எனப் போற்றுவதும் வரலாற்று நோக்கற்றவையே. நோயெதிர்ப்பாற்றல் மிகுந்த சீம்பாலைப் பீய்ச்சி எறியும் வழக்குத் தெற்காசியாவிற் பரவலாக இருந்தது, அது தீங்கானது. முப்பத்தொரு நாள் துடக்கோ தீட்டுக் கருத்தின் வெளிப்பாடாயினும் தாய்க்கு ஓய்வாகவும் அமைந்தது. அவ்வோய்வும் நிலமும் ஏவலாளரும் உடைய வீட்டிலேயே முழுமையாகக் கிட்டியது. புகையிலைத் தோட்டத்திற் கூலிக்கு நின்றவளுக்கு அது கிட்டவில்லை. நம்பிக்கை ஒன்று, அதனைக் கைக்கொள்ளும் வசதி வர்க்கத்துக்கு வர்க்கம் வேறு.

இவ்வுண்மையை மார்க்ஸ் 'மூலதனம்' முதற்பாகத்திற் (1867) சுட்டியுள்ளார். அமெரிக்க உள்நாட்டுப் போரினாற் பருத்தி ஆலைகள் முடங்கியபோது, வேலையிழந்த ஆங்கிலத் தாய்மாருக்குப் பிள்ளைகளுக்கு அபின் கலந்த மருந்தை ஊட்டாது தம் பாலையே ஊட்ட நேரம் கிடைத்தது. பட்டினியே பாலூட்டும் ஓய்வைத் தந்த முரண்பாடு இது.

பின்னர் இவ்விடைவெளியிற் பால்மா வணிகம் புகுந்தது. 1939இல் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் சிங்கப்பூரில் இதனைக் கொலைக்கு ஒப்பிட்டுப் பேசினார். 1981இல் உலகச் சுகாதார மன்றம் பால்மா விற்பனை நெறிக்கோவையை ஏற்றபோது எதிர்த்து வாக்களித்த ஒரேயொரு நாடு ஐக்கிய அமெரிக்காவாகும்.

இலங்கையில் 2016ஆம் ஆண்டுக் கணிப்பின்படி ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் 82 சதவீதத்தினர் தாய்ப்பால் மட்டுமே பெற்றனர். கிராமந்தோறும் செல்லும் குடும்பநல மருத்துவமாதருக்கு இதிற் பெரும்பங்குண்டு. எனினும், அறிவுரை மட்டும் பாலாகாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் கிறீன் பேறுகால மருத்துவ நூலைத் தமிழிலேயே தந்தார். ஆயினும் கூலிப்பெண்ணுக்கு ஓய்வைத் தர நூலால் இயலவில்லை. இன்றும் சம்பளத்துடனான மகப்பேற்று விடுமுறை நாட்கூலிப் பெண்ணுக்கு எட்டாக்கனியே. ஆகவே, பாலூட்டாத தாயைக் குறைகூறுமுன், அவளுக்கு நேரத்தை மறுத்தது யாது என வினவுதலே நமது கடமையாகும்.