கற்றல் குறைபாடும் நம் கடமையும்



பேச்சும் எழுத்தும் ஒரே ஆற்றலின் இரு வடிவங்கள் என்றே நாம் எண்ணுகிறோம். ஆயினும் இவை இரண்டிற்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. பேசக் கற்பதற்காக எந்தக் குழந்தையும் பள்ளிக்குச் செல்வதில்லை. தாயின் சொற்களைக் கேட்டுக் கேட்டே அது பேசிவிடுகிறது. எழுத்தோ அவ்வாறு தானே வருவதன்று; ஒருவர் கற்பித்தால்தான் வரும். மனித இனம் பேசத் தொடங்கிப் பல பதினாயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன. எழுதத் தொடங்கியோ ஏறத்தாழ 5,000 ஆண்டுகளே ஆகின்றன. ஆதலின், படிப்பதற்கென்றே பிறவியில் அமைந்த தனிப்பகுதி நம் மூளையில் இல்லை. காண்பதற்கும் கேட்பதற்கும் பேசுவதற்கும் அமைந்த பகுதிகளை ஒன்றோடொன்று இணைத்தே ஒவ்வொரு குழந்தையும் படிக்கக் கற்றுக்கொள்கிறது. இந்த இணைப்புப் பெரும்பாலார்க்கு எளிதில் அமைகிறது. சிலர்க்கு அரிதாகவே அமைகிறது. அந்தச் சிலரைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இத்தகைய மாணவரை ஆசிரியராயிருந்தோர் பலரும் கண்டிருப்பர். கதை சொன்னால் அவன் கூர்ந்து கேட்பான். வினா எழுப்பினால் வாய்மொழியாகத் தக்க விடை கூறுவான். பழுதான சைக்கிளைப் பிரித்துப் பூட்டுவான். ஆனால், 'எழுந்து பாடத்தைப் படி' என்று சொன்னவுடன் அவன் முகம் வாடும். எழுத்தெழுத்தாகக் கூட்டுவான்; வரி தவறுவான்; முதல் வரியில் படித்த சொல்லையே மூன்றாம் வரியில் கண்டு திகைப்பான். அவன் எழுதிய ஏட்டிலும் எழுத்துகள் இடம் மாறிக் கிடக்கும். அப்போது வகுப்புச் சிரிக்கும். 'சோம்பேறி' என்பார் ஒருவர். 'மந்த புத்தி' என்பார் மற்றொருவர். 'அடியாத மாடு படியாது' என்று பழமொழி கூறுவார் வேறொருவர். இம்மூவர் கூற்றும் பொருந்தாது என்பதை அறிஞர் கண்டு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

1896-ஆம் ஆண்டில், இங்கிலாந்தில் கடற்கரை ஊராகிய சீஃபோர்டில் வாழ்ந்த பிரிங்கிள் மார்கன் என்னும் மருத்துவர், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அச்சிறுவன் அறிவுடையவன், விளையாட்டில் வல்லவன், கண்பார்வையிலும் குறையில்லாதவன். பல ஆண்டுகள் பெருமுயற்சியுடன் கற்பித்தும் அவனால் சிறு சொற்களுக்கு மேல் படிக்க இயலவில்லை. தன் பெயரை எழுதும்போதே எழுத்துகளை இடம் மாற்றி எழுதினான். ஆயினும் 749-ஐ 867-ஆல் பெருக்கச் சொன்னபோது விரைவாகவும் பிழையின்றியும் பெருக்கினான்! பாடங்கள் அனைத்தும் வாய்மொழியாகவே நடைபெற்றால் பள்ளியில் அவனே முதல்வனாவான் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. அறிவு வேறு, எழுத்தைப் படிக்கும் திறன் வேறு என்னும் உண்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இக்குறைபாட்டுக்கு 'டிஸ்லெக்சியா' என்று பெயர். ஜெர்மனியில் ருடால்ஃப் பெர்லின் என்னும் கண் மருத்துவர், மூளைக் கேட்டினால் படிக்கும் ஆற்றலை இழந்த முதியோரைக் குறிக்க 1887-இல் இச்சொல்லைத் தம் நூலில் கையாண்டார். பின்னர் அது குழந்தைகளின் வாசிப்புக் குறைபாட்டைக் குறிப்பதாயிற்று. எழுதுவதில் தோன்றும் இடர்ப்பாட்டை 'டிஸ்கிராஃபியா' என்றும், கணக்கில் தோன்றும் இடர்ப்பாட்டை 'டிஸ்கால்குலியா' என்றும் வழங்குவர். இவற்றையெல்லாம் அடக்கிக் 'கற்றல் குறைபாடு' என்னும் பொதுப்பெயரை 1963-இல் சிகாகோ நகரில் பெற்றோர் கூடிய மாநாடு ஒன்றில் சாமுவேல் கிர்க் என்னும் கல்வியாளர் பரப்பினார்.

வாசிப்புக் குறைபாட்டின் வேர் எங்கே உள்ளது? எழுத்துகள் கண்ணுக்குத் தலைகீழாகத் தெரிகின்றன என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் குறை கண்ணில் இல்லை. சொல்லில் அடங்கிய ஒலிகளைப் பிரித்துணர்வதில்தான் உள்ளது. 'பகல்' என்னும் சொல்லில் முதலெழுத்தை நீக்கினால் மிஞ்சுவது யாது? 'கல்' என்று நீங்கள் உடனே சொல்லிவிடுவீர்கள். சொல்லை இவ்வாறு ஒலிகளாகப் பிரிக்கவும், பிரித்தவற்றை மீண்டும் கூட்டவும் இக்குழந்தைகள் மிகவும் இடர்ப்படுகின்றனர். ஒலியைப் பிரித்துணராதவன் அந்த ஒலிக்குரிய எழுத்தை எங்ஙனம் பற்றுவான்? இது குடும்பவழியாகவும் வருவதுண்டு.

நம் தமிழெழுத்தை எடுத்துக்கொள்வோம். 'கெ' என்று எழுதும்போது கண் முதலில் காண்பது கொம்பு. காது முதலில் கேட்பதோ ககர ஒலி. 'கொ' என்பதில் உயிர்க்குறி இருபுறமும் நின்று மெய்யை அணைத்துக்கொள்கிறது. ல, ள, ழ என்பவற்றின் ஒலி வேறுபாட்டையும், ன, ண என்பவற்றின் வடிவ வேறுபாட்டையும் நுட்பமாக அறிதல் வேண்டும். நாம் எண்ணிப் பாராமல் கடந்துவிடும் இப்படிகள் ஒவ்வொன்றிலும் அக்குழந்தை தடுக்கி நிற்கிறது. 1978-இல் தமிழ்நாட்டு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய எழுத்துகளின் பழைய வடிவங்களை நீக்கி ஒழுங்கான வடிவங்களை அமைத்தது. அதனால், தனியே நினைவிற்கொள்ள வேண்டிய விதிவிலக்குகள் குறைந்தன.

எழுத்துக்கும் ஒலிக்கும் ஒழுங்கான உறவுடைய மொழியில் இக்குறைபாடு மறைந்துவிடுமோ என்று நீங்கள் கேட்கலாம். இத்தாலியம், பிரெஞ்சு, ஆங்கிலம் ஆகிய மூன்று மொழி மாணவரையும் ஆராய்ந்த அறிஞர் 2001-இல் தம் முடிவை வெளியிட்டனர். எழுத்தொழுங்குடைய இத்தாலிய மொழியில் பிழைகள் குறைவு. ஆனால், படிக்கும்போது மூளையின் இடப்பக்கத்தில் ஒரு பகுதி குறைவாகவே இயங்கும் தன்மை மூவினத்தார்க்கும் பொதுவாக இருந்தது. ஆகவே, மொழி சுமையைக் கூட்டலாம், குறைக்கலாம். குறைபாடு மொழியால் பிறந்ததன்று.

இங்கு ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். படிக்கத் தடுமாறுவோர் அனைவரும் இக்குறைபாடு உடையவர் ஆகார். கண்பார்வை மங்கியிருக்கலாம், செவி சரியாகக் கேளாதிருக்கலாம், நோயாலும் வறுமையாலும் பல நாள் பள்ளிக்கு வாராதிருக்கலாம், வீட்டில் பேசும் மொழி வேறாக இருக்கலாம், கற்பித்த முறையே பிழையாகவும் இருக்கலாம். இவற்றை ஆராய்ந்து, தகுதி வாய்ந்த வல்லுநர் சோதித்த பின்னரே முடிவு செய்தல் முறை.

முடிவு தெரிந்த பின் செய்யத்தக்கது யாது? இது மருந்தால் தீர்வதன்று. கற்பிக்கும் முறையால் பெரிதும் எளிதாக்கத்தக்கது. அமெரிக்க நாட்டில் சாமுவேல் ஆர்ட்டன் என்னும் மருத்துவரும் அன்னா கில்லிங்காம் என்னும் ஆசிரியையும் வகுத்த நெறியில், எழுத்தைக் கண்ணால் காணவும், அதன் ஒலியை வாயால் சொல்லிக் காதால் கேட்கவும், விரலால் அதன் வடிவை வரையவும் ஒருசேரப் பயிற்றுவர். நம் திண்ணைப் பள்ளிகளிலும் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, எழுதும்போதே உரக்கச் சொன்னார்கள் அன்றோ? அப்பள்ளியின் பிரம்பை மறப்போம், மணலைப் போற்றுவோம்! சிறு சிறு படியாகவும், ஒழுங்கு பிறழாமலும், முன் கற்றதை மீண்டும் மீண்டும் நினைவூட்டியும் கற்பித்தால் இக்குழந்தைகளும் படிக்கக் கற்பர். விரைவு சற்றுக் குறைவாக இருக்கலாம். எவ்வளவு இளமையில் தொடங்குகிறோமோ அவ்வளவு நன்மை உண்டு. சென்னையில் 1990-களின் தொடக்கத்தில் அமைந்த மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் இத்துறையில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்துவருகிறது.

சட்டமும் இன்று துணை நிற்கிறது. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் கற்றல் குறைபாடு இடம்பெறவில்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் அதனைச் சேர்த்துக்கொண்டது. இக்குறைபாட்டை இளமையிலேயே கண்டறிந்து தக்க கல்வி முறையை மேற்கொள்ளுமாறு அச்சட்டம் பணிக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுவோர் உதவி, இரண்டாம் மூன்றாம் மொழிப் பாடங்களிலிருந்து விலக்கு முதலிய வழிகளையும் அது சுட்டுகிறது.

'எனக்கு மூன்று மணி நேரம், அவனுக்கு அதனினும் மிகுதியா? இது முறையா?' என்று உங்களில் சிலர் கேட்பதுண்டு. கேட்கத்தக்க வினாவே. வரலாற்றுத் தேர்வு வரலாற்றறிவை அளக்க வந்தது. படிக்கும் விரைவை அளக்க வந்ததன்று. கரும்பலகை தெரியாத மாணவன் மூக்குக் கண்ணாடி அணிந்தால், அவன் உங்களினும் மிகுதியாகப் பெற்றுவிட்டான் என்று நீங்கள் சொல்வதில்லை. உங்களுக்கு இயல்பாக உள்ளதை அவன் அக்கண்ணாடியால் பெறுகிறான். கூடுதல் நேரமும் அத்தகையதே. அது விடையைத் தந்துவிடாது. அறிந்த விடையை எழுத இடந்தரும்.

இக்குழந்தைகள் யாவரும் மறைந்திருக்கும் மேதையர் என்று சிலர் புகழ்வர். அதுவும் வேண்டா. மற்றவரைப் போலவே இவர்களிலும் மிக்க திறனுடையோரும் உண்டு, நடுத்தரத்தாரும் உண்டு. மேதையாக இருந்தால்தான் மதிப்போம் என்பது நன்முறை ஆகாது.

நண்பர்களே, ஆசிரியர் செய்ய வேண்டுவன பல. பெற்றோர் செய்ய வேண்டுவன பல. ஆனால் ஒன்றை நீங்கள் மட்டுமே செய்ய இயலும். பக்கத்துப் பெஞ்சில் இருப்பவன் படிக்கத் தடுமாறும்போது வகுப்பில் எழும் சிரிப்பு உங்களுடையது. நாள்தோறும் அதனைக் கேட்பவன், 'நான் மடையன்' என்று தானே முடிவு செய்துகொள்கிறான். வாசிப்பைப் பிற்காலத்தில் கற்பித்துவிடலாம். அந்த முடிவை மாற்றுவது மிக அரிது. சிரிப்பை அடக்குங்கள். மாலையில் அரைமணி நேரம் அவனருகில் அமர்ந்து பாடத்தை உரக்கப் படியுங்கள். அவன் கேட்டுப் பொருள் சொல்லட்டும். இருவர் பாடமும் தேறும். இக்குறை உடையவர் உங்களுள் எவரேனும் இருப்பின், வெட்கத்தால் மறைக்காது நீங்கள் நம்பும் ஆசிரியர் ஒருவரிடம் இன்றே சொல்லுங்கள். நாளை ஆசிரியராக விரும்புவோரே, மெல்லப் படிக்கும் பிள்ளைக்குக் காத்திருக்க இப்போதே பழகிக்கொள்ளுங்கள்.